முஸ்தபா ஏன் ஊமையானார்? பழைய வீடியோகேம் மெஷினின் தொலைந்த குரல்!

பழுது பார்ப்போம் - வாரத் தொடர்

90-களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களிடம் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொல்லுங்கள். உடனே முகம் மலர்ந்துவிடும்.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட விளையாட்டு அது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் காமிக்ஸ் கதையிலிருந்து உருவானது. ஜாக், ஹன்னா, முஸ்தபா, மெஸ் என்று அதில் நான்கு பேர் உண்டு. நம் ஊர்ப் பையன்களுக்குப் பிடித்துப்போனவர், பறந்து பறந்து உதைக்கும் முஸ்தபாதான். அதனால் கேமுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 'காதல் தேசம்' படத்துப் பாட்டு வந்தது 1996-ல். அதற்கு மூன்று வருடம் மூத்தவர் இந்த முஸ்தபா!

சில்லறையைப் போட்டு விளையாடிய அந்தப் பெரிய மரப்பெட்டி மெஷின்கள் இன்று அநேகமாகக் காயலான் கடைகளுக்குப் போய்விட்டன. தப்பித்த சிலவற்றைத் தேடிப் பிடித்து உயிர் கொடுக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். மரத்தைச் சரிசெய்யலாம், பெயின்ட் அடிக்கலாம், படத்தையும் வரவைத்துவிடலாம். ஆனால், அவர்களில் பலர் முட்டி நிற்கும் இடம் ஒன்று உண்டு. திரையில் படம் ஓடும், ஆட்கள் அடித்துக்கொள்வார்கள், சத்தம் மட்டும் வராது.

ஏன் வராது? ஒரு மெஷின் ஊமையாவதற்கு எத்தனை காரணங்கள் இருக்க முடியும்? வரிசையாகப் பார்க்கலாம். முஸ்தபாவின் கதை கடைசியில் வரும். காரணங்களிலேயே விசித்திரமானது அதுதான்.

சத்தம் எப்படி வருகிறது?

மெஷினின் பின்கதவைத் திறந்தால் முக்கியமாக நான்கு சாமான்கள் தெரியும். பழைய டி.வி-யைப் போன்ற பிக்சர் டியூப், கரன்ட்டை மாற்றித் தரும் பவர் சப்ளை, கேம் போர்டு, ஸ்பீக்கர். எல்லாவற்றையும் ஒரு வயர் கட்டு இணைக்கிறது.

80-களின் நடுவில் ஜப்பானிய நிறுவனங்கள் கூடி, இந்த வயர் இணைப்புக்கு ஒரு பொது ஒழுங்கைக் கொண்டுவந்தன. அதற்கு 'ஜாமா' என்று பெயர். போர்டின் விளிம்பில், மேல் பக்கம் 28, கீழ்ப் பக்கம் 28 என மொத்தம் 56 தொடுமுனைகள். ஒரு கேம் போர்டை உருவி, இன்னொன்றைச் செருகினால் அதே பெட்டியில் வேறு விளையாட்டு வந்துவிடும். கடைக்காரர்களுக்குப் பெரிய வசதி இது.

போர்டுக்குள் சத்தம் ஓர் ஆறு போல ஓடுகிறது. ஊற்றுக்கண், சத்தத்தின் தகவல்கள் இருக்கும் மெமரி சிப். அதைப் படித்து ஒலியாக்குவது சவுண்டு சிப். எண்களை மின் அலையாக மாற்றுவது அடுத்த சிப். பிறகு வால்யூம் குமிழ், ஆம்ப்ளிஃபயர், கடைசியில் ஸ்பீக்கர்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? வயலிலிருந்து மடையை நோக்கி நடந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவார். ஒலிப் பழுதையும் அப்படியே தேட வேண்டும். ஸ்பீக்கரில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே சிப்பைக் கழற்றுவது, வயலில் தண்ணீர் இல்லை என்று அணையை இடிக்கிற கதைதான்.

முதலில் உயிர், அப்புறம் சத்தம்

ஒரு எச்சரிக்கை. பிக்சர் டியூபின் மேல், ரப்பர் மூடி போட்ட ஒரு தடித்த வயர் போகும். அங்கே சுமார் 20,000 வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அது கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பழைய டி.வி மெக்கானிக்குகள் இதை முறையாக வெளியேற்றிவிட்டுத்தான் கையை வைப்பார்கள். பழக்கம் இல்லாதவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், பின்கதவைத் திறக்கவே கூடாது. கேம் போர்டை மட்டும் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து சோதிப்பது பாதுகாப்பானது.

முழு ஊமையா? மூன்று சோதனைகள்

படம் ஓடுகிறது, சத்தம் துளியும் இல்லை. இதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஸ்பீக்கர். மல்டிமீட்டரை 'ஓம்' அளவில் வைத்து ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் தொட வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 6 முதல் 7 வரை காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் சுருள் அறுந்துவிட்டது. மீட்டர் இல்லையா? போர்டிலிருந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பென்சில் செல்லை முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது, பவர் சப்ளை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'படம் வருகிறதே, அப்புறம் கரன்ட் எப்படிக் குறையும்?' என்று நினைப்பார்கள். கேமை ஓட்டும் சிப்களுக்குத் தேவை 5 வோல்ட். ஆனால், பெரும்பாலான போர்டுகளில் ஆம்ப்ளிஃபயருக்குப் போவது 12 வோல்ட். இரண்டும் தனித்தனி வழிகள். 12 வோல்ட் வழி மட்டும் அறுந்துபோனால் கேம் ஜோராக ஓடும், சத்தம் மட்டும் வராது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

மூன்றாவது, வால்யூம் குமிழ். சிரிக்காதீர்கள். கேம் போர்டிலேயே ஓரமாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று யாரோ ஒரு கடைக்காரர் எப்போதோ குறைத்து வைத்தது அப்படியே இருக்கலாம்.

இன்னொரு விஷயம். ஜாமா இணைப்பில் ஸ்பீக்கருக்கு என்றே பிளஸ், மைனஸ் இரண்டும் தனியாக உண்டு. 'மைனஸ்தானே' என்று அந்த வயரை எர்த்தோடு சேர்த்துவிடக் கூடாது. சில போர்டுகளில் ஆம்ப்ளிஃபயர் சிப்பையே இது காலி செய்துவிடும்.

இராஜாக்கமங்கலத்துக் காற்று

கன்னியாகுமரி மாவட்டம் இராஜாக்கமங்கலத்தில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த பழுதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல். பக்கத்திலேயே புத்தளத்து உப்பளங்கள். தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் எதுவும் இந்த உப்புக்காற்றுக்குத் தப்பாது. துறைப் பக்கத்து வீடுகளில் டி.வி ரிமோட்டின் ஸ்பிரிங்கூட பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.

உப்புக்கு இரண்டு குணங்கள். காற்றிலிருக்கும் ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். ஈரமான உப்பு கரன்ட்டையும் கடத்தும். எலெக்ட்ரானிக்ஸ் போர்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக அது படிந்தால், ஒரு பக்கம் உலோகத்தை அரிக்கும். இன்னொரு பக்கம் போகக் கூடாத வழியில் கரன்ட்டைக் கசியவிடும்.

ஜாமா இணைப்பின் 56 தொடுமுனைகளில் களிம்பு பிடித்தால் என்ன ஆகும்? சத்தம் வந்து வந்து போகும். பெட்டியை ஒரு தட்டு தட்டினால் வரும், கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விடும். மழைக்காலத்தில் மோசமாக இருக்கும், வெயில் காலத்தில் தேறிவிடும். 'லூஸ் கான்டாக்ட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அதற்குள் இவ்வளவு இருக்கிறது.

சுத்தம் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தடவித் துடைப்பார்கள். எண்ணெய்ப்பிசுக்கு, பழைய சால்டரிங் பசை எல்லாம் அதில் போகும். ஆனால், உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. தண்ணீரில்தான் கரையும். அதனால் உப்பு படிந்த இடத்தை முதலில் டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலேயே உப்பு இருக்கிறது.

தொடுமுனைகளைத் தேய்க்க உப்புத்தாளை எடுக்காதீர்கள். மேலே இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு போய்விட்டால் அடுத்த முறை களிம்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் இலேசாகத் தேய்த்தாலே போதும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போர்டில் பேட்டரி இருந்தால் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. ஏன் என்று முஸ்தபா சொல்வார்.

உறுமலும் கரகரப்பும்

சத்தம் வருகிறது. ஆனால், அதற்கு அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு உறுமல் விடாமல் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மெஷின்களில் இது அடிக்கடி வரும் நோய்.

நம் வீட்டு கரன்ட் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. பவர் சப்ளை அதை நேர் மின்னோட்டமாக மாற்றும்போது விநாடிக்கு 100 மேடு பள்ளங்கள் உண்டாகின்றன. அந்த மேடு பள்ளத்தை நிரவுவது கெபாசிட்டரின் வேலை. ஃபேன் ரிப்பேர் செய்கிறவர் 'கண்டென்சர் போயிருச்சு' என்பாரே, அந்தக் குடும்பம்தான். ஆனால் இது வேறு ரகம், உள்ளே திரவம் உள்ளது. வருடக்கணக்கில் அந்தத் திரவம் வற்றும்போது நிரவுகிற சக்தி குறைகிறது. மேடு பள்ளம் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்து உறுமலாகக் கேட்கிறது.

இந்த கெபாசிட்டர்களின் ஆயுளுக்கு ஒரு கணக்கு உண்டு. '85 டிகிரி, 2,000 மணி நேரம்' என்று தரம் குறித்திருந்தால், 85 டிகிரி சூட்டில் அவ்வளவு நேரம் தாங்கும் என்று அர்த்தம். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் சுமார் 32,000 மணி நேரம். தினமும் பத்து மணி நேரம் ஓடிய கடையில் ஒன்பது வருடத்துக்கும் குறைவு. 1993-ல் செய்த மெஷினுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது!

மாற்றும்போது இரண்டு விதிகள். பழையதில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறதோ, புதியது அதற்குக் குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மாறினால் கெபாசிட்டர் வெடிக்கும்.

கரகரப்பு வேறு ஜாதி. வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் 'கரகர' என்றால், உள்ளே இருக்கும் கார்பன் தடத்தில் தூசும் களிம்பும் சேர்ந்திருக்கிறது. மின் இணைப்பைத் துண்டித்து, கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது முப்பது முறை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சத்தம் கூடும்போது மட்டும் 'பறபற' என்று கிழிந்தாற்போல் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கரின் காகிதத்தை. ஈரத்தில் ஊறி, கரையான் அரித்து, ஓரம் விட்டிருக்கும். புதிய ஸ்பீக்கர் வாங்கும்போது பழையதன் ஓம் அளவிலேயே வாங்க வேண்டும். 8 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் அதிகமாகச் சூடாகி, அதுவும் போய்விடும்.

பேச்சு வருது... பாட்டு வரல!

சில நேரங்களில் பாதிச் சத்தம் மட்டும் வரும். மெக்கானிக்குக்கு இது தலைவலி அல்ல, வரப்பிரசாதம். எது வரவில்லை என்பதே பழுது எங்கே என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கேப்காம் 1991-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' நல்ல உதாரணம். அதன் போர்டில் சத்தத்துக்கு இரண்டு சிப்கள் உண்டு. பின்னணி இசையை வாசிப்பது யமஹாவின் ஒய்.எம்.2151. 'ஹடோகென்' என்று ரியூ கத்துவது, அடி விழும் சத்தம் போன்ற பதிவுசெய்த ஒலிகளைத் தருவது ஓகி நிறுவனத்தின் எம்.எஸ்.எம்.6295.

கத்தல் கேட்கிறது, இசை மட்டும் இல்லை என்றால் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். பழுது யமஹா சிப்பிலோ, அதன் எண்களை அலையாக மாற்றும் துணைச் சிப்பிலோதான் இருக்கும். இசை வருகிறது, கத்தல் இல்லை என்றால் ஓகி சிப்பின் பக்கம் போக வேண்டும். ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டால் பாதிப் போர்டைச் சோதிக்கும் வேலை மிச்சம்.

அந்த யமஹா சிப்புக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. ஓர் ஒலி அலையை இன்னொரு அலையால் அசைத்தால் மணியோசை, பித்தளை வாத்தியம் போன்ற புதிய ஒலிகள் பிறக்கும் என்பதை 60-களில் கண்டுபிடித்தவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங். அந்த முறையைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிய யமஹா, 1983-ல் 'டி.எக்ஸ்7' கீபோர்டைக் கொண்டுவந்தது. 80-களின் பாப் இசையை மாற்றிப்போட்ட கீபோர்டு அது. அதே தொழில்நுட்பம்தான் சிப்பாகச் சுருங்கி வீடியோகேம் பெட்டிக்குள் போனது. கடையில் நின்று கேட்டது பொம்மைச் சத்தம் அல்ல, அந்தக் கால இசையின் ஒன்றுவிட்ட தம்பி!

காப்பி எடுக்க முடியாத சத்தம்

இப்போது ஒரு கேள்வி வரும். 'இந்த கேம் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?'

நியாயமான கேள்வி. இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997-ல் 'மேம்' என்ற மென்பொருளைத் தொடங்கினார். பழைய மெஷின்களின் சிப்களில் இருக்கும் நிரலை அப்படியே படித்து, கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டும் மென்பொருள். ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இதனால் அழியாமல் தப்பின.

ஆனால் 1978-ல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வேறு மாதிரி. டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய விளையாட்டு. வேற்றுக்கிரகவாசிகள் வரிசையாக இறங்கி வருவார்கள். பின்னால் 'டும்... டும்... டும்... டும்...' என்று நான்கு கனத்த ஒலிகள். எதிரிகள் குறையக் குறைய, திரையில் வரைய வேண்டியது குறைந்து அவர்கள் வேகமாக நகர்வார்கள். அந்த 'டும் டும்' சத்தமும் வேகமெடுக்கும். விளையாடுகிறவரின் நெஞ்சும் கூடவே அடித்துக்கொள்ளும். படத்தை மட்டும் ஓடவிட்டால் அந்தப் பதற்றம் பாதிகூட வராது.

அந்தச் சத்தங்கள் எந்த மெமரி சிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. ரெசிஸ்டர், கெபாசிட்டர் எல்லாவற்றையும் கோத்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி சர்க்யூட் செய்திருந்தார்கள். போர்டுதான் வாத்தியம். வீணையில் ஒலி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்க முடியுமா? அதே மாதிரிதான். எழுதாத ஒன்றை எப்படிக் காப்பி எடுப்பது? அதனால் 'மேம்' மென்பொருளில் இந்த விளையாட்டுக்கு, உண்மையான மெஷினிலிருந்து பதிவுசெய்த ஒலித் துண்டுகளை ஓடவிட வேண்டியிருந்தது.

உயிரோடு ஒரு மெஷின் இருந்ததால்தான் அந்தப் பதிவே சாத்தியமானது. ஒரு பழைய போர்டைக் காயலான் கடைக்குப் போடும்போது, வேறெங்கும் இல்லாத ஒரு சத்தத்தையும் சேர்த்துப் போடுகிறோம். தன் கெபாசிட்டர்கள் வற்றிப்போன மெஷினிலும் ஏதோ ஒரு 'டும்' கேட்கும். ஆனால், அது நிஷிகாடோ கேட்ட 'டும்' அல்ல. மீட்பவர்கள் ஒரு சின்ன கெபாசிட்டருக்காக மெனக்கெடுவது இதனால்தான்.

பேட்டரி தீர்ந்தது... குரல் போனது!

இனி முஸ்தபா.

'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' விளையாட்டுக்கு கேப்காம் புதிய ஒலி முறையைச் சேர்த்தது. பெயர் 'க்யூசவுண்டு', கனடாவில் பிறந்த தொழில்நுட்பம். இரண்டே ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு, சத்தம் சுற்றிலும் இருந்து வருவதைப் போல காதை நம்பவைக்கும்.

அந்தக் காலத்தில் கேப்காமின் பெரிய தலைவலி, திருட்டுப் போர்டுகள். ஒரிஜினலை விலைக்கு வாங்கி, சிப்களைப் படித்து, மலிவான காப்பிகளை வேறு யாரோ உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ஒரு பூட்டு போட்டது நிறுவனம். ஒலியைக் கவனிக்கும் ப்ராசஸரை, 'கபுகி' என்ற விசேஷ ரகமாகச் செய்தது. ஒலி நிரல் ரகசிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கும் சாவி கபுகிக்குள் இருக்கும். அந்தச் சாவியை நினைவில் வைத்திருக்க ஒரு சின்ன லித்தியம் பேட்டரி.

திருடன் சிப்பைக் கழற்றினால் பேட்டரி இணைப்பு அறுந்து சாவி அழிந்துவிடும். நல்ல பூட்டுதான். ஆனால், பேட்டரி சாகாவரம் வாங்கி வந்ததா என்ன? வருடங்கள் ஓடின. பேட்டரி தீர்ந்தது. சாவி அழிந்தது. ஒலி நிரல் அங்கேயே இருக்கிறது, ப்ராசஸருக்கு அது புரியாத எழுத்தாகிவிட்டது. ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், 12 வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் முஸ்தபா ஊமையானார். சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்த பெயர் 'தற்கொலை பேட்டரி'.

இதில் கொடுமை என்ன தெரியுமா? எந்தத் திருட்டுப் போர்டுகளைத் தடுக்க இந்தப் பூட்டு போட்டார்களோ, அவற்றில் பேட்டரியே கிடையாது. க்யூசவுண்டைக் காப்பியடிக்க முடியாமல், வேறு ஒரு சாதாரண ஒலி சிப்பைப் போட்டு ஒப்பேற்றிய நகல் போர்டுகளும் சுற்றின. சத்தம் சுமார்தான். ஆனால், அவை தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கிய அசல் ஊமையாகிவிட, திருட்டு நகல் உயிரோடு இருந்தது! இன்று நாற்பதை நெருங்குகிறவர் சிறுவயதில் கேட்ட முஸ்தபாவின் சத்தம் அசலா, நகலா என்பது, அவர் நின்ற கடையில் எந்தப் போர்டு இருந்தது என்பதைப் பொறுத்தது.

முடிவு சோகம் இல்லை. 2010-களில் எடுவார்டோ க்ரூஸ் என்ற ஆய்வாளரும் அவரது நண்பர்களும் கபுகி சிப்பைத் துருவி ஆராய்ந்து, சாவி உள்ளே எப்படி எழுதப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த முறையைப் பொதுவில் வெளியிட்டார்கள். செத்த போர்டில் சாவியை மறுபடி எழுதலாம் என்றானது. பூட்டியவர்கள் கைவிட்ட பெட்டியை, விளையாட்டை நேசித்தவர்கள் திறந்தார்கள்.

பேட்டரி இன்னும் சாகாத போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய பேட்டரியைக் கழற்றும் முன்பே, அதே அளவு புதிய பேட்டரி ஒன்றைப் பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று பக்கத்திலேயே இணைத்துவிட வேண்டும். ஒரு கணமும் கரன்ட் அறுந்துபோகக் கூடாது. சால்டரிங் அயனைச் சூடாக்கி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆறுவதற்குள் பற்று வைப்பது பழைய மெக்கானிக்குகளின் உத்தி. அயனிலிருந்து கசியும் கரன்ட் சிப்புக்குப் போகாது. பேட்டரி உள்ள போர்டில் தண்ணீர் படக் கூடாது என்று முன்பு சொன்னதன் காரணமும் இதுதான். ஈரம் பேட்டரியைக் குறுக்காக இணைத்துவிட்டால், சுத்தம் செய்யப் போய்ச் சாவியையே கழுவிவிட்டதாக ஆகிவிடும்.

உங்கள் வீட்டு ஊமைகளுக்கும் இதே மருந்து

வீடியோகேம் மெஷின் எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால், 1984-ல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி நிலையத்தைக் கேட்ட தாத்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ, அத்தை கல்யாணத்துக்கு வந்த டேப் ரெக்கார்டர், பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஏதாவது ஒன்று இருக்கும். அவற்றுக்கும் இதே வழிமுறைதான்.

* முதலில் பேட்டரிப் பெட்டியைப் பாருங்கள். களிம்பு பிடித்த ஸ்பிரிங் பாதிப் பழுதுக்குக் காரணம். பழைய செல் கசிந்திருந்தால் வெறும் கையால் தொடாதீர்கள்.

* ஸ்பீக்கரை 1.5 வோல்ட் செல்லால் தொட்டுப் பாருங்கள். 'டக்' கேட்டால் பழுது அதற்கு முந்தைய இடத்தில் இருக்கிறது.

* ஹெட்போன் துளையில் ஒரு முறை பின்னைச் செருகி எடுங்கள். அந்தத் துளையின் உள்தகடு ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கருக்குச் சத்தம் போகாது. வாக்மேனிலிருந்து டி.வி வரை பல 'ஊமை'கள் இதில் குணமாகியிருக்கின்றன.

* வால்யூம் குமிழைக் கோடிக்குக் கோடி திருகுங்கள். நடுவில் எங்கோ சத்தம் வந்தால் தேவை கான்டாக்ட் கிளீனர் மட்டுமே.

* வால்வ் ரேடியோ என்றால் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பல வருடம் சும்மா கிடந்ததை நேராக பிளக்கில் செருகுவதும் ஆபத்து. வற்றிய கெபாசிட்டர்கள் வெடிக்கலாம்.

* கடலோர ஊர்க்காரர்கள், பத்திரப்படுத்தும் பொருளைத் துணியால் மூடுவதோடு விடாமல், மூடி உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

* எதையும் கழற்றும் முன், இப்போது வருகிற சத்தத்தை, அது கரகரப்பாக இருந்தாலும், மொபைலில் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுங்கள். நன்றாக்கப் போய் இன்னும் மோசமானால் திரும்பி வர அதுதான் வழி.

ஊரில் பழைய டி.வி, ரேடியோ மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால், ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். காதை வைத்தே 'இது கண்டென்சர், இது பற்று விட்டது' என்று சொல்லும் அந்த வித்தையும் எந்த மெமரி சிப்பிலும் எழுதப்படாததுதான். அவருக்கு அது கையிலும் காதிலும் இருக்கிறது. அந்த பேட்டரி தீர்வதற்குள் பக்கத்தில் இன்னொன்றை இணைத்துவிட வேண்டும்.